இரவை அறியும் சுரப்பி



மனிதனுடைய ஆன்மா உடலில் எங்கே உறைகின்றது என்ற வினாவுக்குப் பிரான்சு நாட்டுத் தத்துவஞானி டெக்காட், 1649ஆம் ஆண்டில் வெளியான தமது நூலில் விடையிறுத்தார். மூளையின் நடுவே அமைந்த ஒரு சிறு சுரப்பியே அதன் தலைமைப் பீடம் என்பது அவர் கொள்கை. மூளையின் ஏனைய உறுப்புகள் இரட்டையாயிருக்க, இது மட்டும் ஒற்றையாயிருத்தலே அவர் காட்டிய நியாயம். பைன் மரத்துக் காயின் வடிவை ஒத்தமையால் இதற்குக் கூம்புச் சுரப்பி என்று பெயர். மனிதரிடத்தில் இது ஒரு நெல்மணியளவே இருக்கும்.

இச்சுரப்பியின் உண்மைத் தொழிலை அறியத் துணைபுரிந்தவை தலைப்பிரட்டைகள். மாட்டின் கூம்புச் சுரப்பிச் சத்தை ஊட்டியபோது அவற்றின் தோல் வெளிறியதை 1917ஆம் ஆண்டில் ஆய்வாளர் இருவர் கண்டனர். தோலின் நிறத்தை மாற்றும் அப்பொருள் யாதெனத் தேடியவர் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துத் தோல்நோய் மருத்துவர் ஆரன் லேணர். இலட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகளின் சுரப்பிகளைத் திரட்டி, 1958ஆம் ஆண்டில் அவர் பிரித்தெடுத்த பொருளே மெலற்றோனின் என்னும் ஓமோன். தேடியது தோல்நோய்க்கு மருந்து. கிடைத்ததோ உயிர்களுக்கு இரவை உணர்த்தும் தூது!

ஏனெனில், மெலற்றோனின் பகலிற் குறைந்தும் இரவில் மிகுந்தும் இரத்தத்திற் கலக்கின்றது. மண்டையோட்டினுள் இருளிற் கிடக்கும் சுரப்பி, பொழுது சாய்ந்ததை எவ்வாறு அறியும்? முலையூட்டிகளில் அது தானாக அறிவதில்லை. கண்ணில் விழும் ஒளியின் செய்தி முதலில் மூளையின் அடிப்பகுதிக்குச் செல்கின்றது. அங்கிருந்து முண்ணாண் வழியாகக் கீழிறங்கிக் கழுத்திலுள்ள நரம்புத்திரட்டை அடைந்து, மீண்டும் மேலேறிச் சுரப்பியைச் சேர்கின்றது. அண்டை வீட்டுக்குச் செல்ல ஊரையே சுற்றி வருவது போன்ற பயணம். மீன்களிலும் பறவைகளிலுமோ இச்சுற்று வேண்டியதில்லை. சுரப்பியின் கலங்களே ஒளியை உணர வல்லன. நியூசிலாந்தில் வாழும் துவாத்தாரா என்னும் ஊர்வனவுக்கு, இதனோடு தொடர்புடைய மூன்றாவது கண்ணொன்று, வில்லையும் விழித்திரையும் உடையதாய், உச்சந்தலையில் அமைந்துள்ளது. நம் புராணங்களைக் கேட்டு வளர்ந்தோர்க்கு இது பெரும் வியப்பைத் தாராது.

எனினும், இந்த ஓமோன் சுரப்பியில் மட்டும் உண்டாகின்றதெனக் கருதலாகாது. விழித்திரையிலும் அது உண்டாகின்றது; குடற்சுவரில் உள்ளதன் மொத்த அளவோ கூம்புச் சுரப்பியில் உள்ளதிலும் மிகப் பெரிது. அவ்வாறாயின் சுரப்பிக்கு என்ன சிறப்பு? அதனை அகற்றிவிட்டால், குடலும் கண்ணும் இருந்தும், இரத்தத்தில் இரவுதோறும் நிகழும் ஏற்றம் மறைந்துவிடுகின்றது. பிற இடங்களில் உண்டாவது பெரும்பாலும் அவ்வவ்விடத்துத் தேவைக்கே பயன்படுகின்றது. உடல் முழுவதுக்கும் இரவை அறிவிப்பது சுரப்பி ஒன்றே. குளிர்நாடுகளில் இலையுதிர்காலத்து இரவு நீளும்போது மெலற்றோனின் சுரக்கும் நேரமும் நீள, அதனாற் செம்மறியாடுகள் தம் இனப்பெருக்கக் காலத்தை அறிகின்றன.

பாடசாலைத் தலைவர்கள் கவனிக்கத்தக்க செய்தி மற்றொன்று. பதின்ம வயதினரிடத்து இந்த இரவு ஏற்றம் சிறுவரினும் பிந்தியே தொடங்குகின்றது. முதற் பாடவேளையில் மேசைமீது தலைசாய்க்கும் பதினாறு வயது மாணவனைச் சோம்பேறி எனக் கடியுமுன் இதனை எண்ணுவது நியாயம். பரீட்சைக்கென நள்ளிரவுவரை அவன் பிரகாசமான விளக்கின் முன்னோ கைத்தொலைபேசித் திரையின் முன்னோ அமர்ந்திருந்தால், அவ்வொளியும் கண்ணிலிருந்து கழுத்துவரை சென்று சுரப்பியை அடைந்து, பகல் இன்னும் முடியவில்லை என்றே அறிவிக்கின்றது.