மேலவையில் நமது இடம்

 

சுவாமி சகஜானந்தரின் நினைவைப் போற்ற நாம் கூடியிருக்கிறோம். 1890இல் ஆரணிப் பக்கத்தில் பிறந்தவர் அவர். சிதம்பரத்துக்கு வந்து நந்தனார் பெயரில் பள்ளி தொடங்கி, நம் பிள்ளைகளை எழுத்தறிய வைத்தவர். அந்தப் பள்ளியைப் பற்றி நம் மேடைகளில் நிறையப் பேசியிருக்கிறோம். அவர் சட்டசபையிலும் இருந்தார் என்பதைக் குறைவாகவே பேசியிருக்கிறோம். முதலில் நியமன உறுப்பினராகப் போனார். பின்னாளில் சிதம்பரம் மக்களின் வாக்குப் பெற்றும் போனார். ஒருவர் அவைக்குள் நுழையும் இந்த இரண்டு வழிகளுக்கும் உள்ள வேறுபாடு நமக்கு ஏன் முக்கியம் என்பதே இன்றைய உரையின் பொருள்.

1919ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1920இல் சென்னை மாகாணச் சட்டசபை அமைந்தது. அதில் 98 பேர் தேர்தலில் வந்தவர்கள். சொத்தும் வரியும் உள்ளவர்களுக்கே வாக்கு இருந்ததால், சேரியில் வாக்காளர் என்று சொல்ல அநேகமாக யாரும் இல்லை. அந்தக் குறையை ஈடுகட்ட ஆளுநர் சிலரை நியமித்தார். பறையர், பள்ளர், வள்ளுவர், மாலா, மாதிகா, சக்கிலியர், தொட்டியர், செருமன், ஹொலெயா என்று ஒன்பது சாதிகளுக்கும் சேர்த்து ஐந்து இருக்கைகள். சேரிக்கு வாக்கு கிடையாது, சேரியின் பெயரால் இருக்கை மட்டும் உண்டு என்பதே அன்றைய ஏற்பாடு.

அப்படிப் போனவர்கள் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. 1923இல் நியமன உறுப்பினரான ரெட்டமலை சீனிவாசன், 1924இல் பொதுத்தெருவிலும் பொதுக்கிணற்றிலும் எல்லோருக்கும் உரிமை உண்டு என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்தார். அரசு அதை ஏற்று ஆணையும் பிறப்பித்தது. அதற்கு முன்பே 1922இல், எம்.சி. ராஜாவின் முயற்சியால், இழிவுப் பெயர்களுக்குப் பதிலாக ஆதிதிராவிடர் என்ற பெயர் அரசு ஏடுகளில் ஏறியது. விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் பெரும்பான்மைக்கு நடுவே எழுந்து நின்று சாதித்தவை இவை. நாம் இதைக் குறைத்துச் சொல்லக் கூடாது.

ஆனால் ரெட்டமலை சீனிவாசனே அந்த ஏற்பாட்டில் நிறைவடையவில்லை. 1930இல் அண்ணல் அம்பேத்கருடன் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குப் போனார். வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை வேண்டும், எங்கள் பிரதிநிதிகளை நாங்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று இருவரும் சேர்ந்து கேட்டார்கள். நியமன இருக்கையில் ஏழு ஆண்டு உட்கார்ந்து பார்த்தவர் இந்தக் கோரிக்கையை வைத்தார் என்பதை நாம் கவனிக்க வேண்டும். ஆளுநர் கொடுத்த இருக்கையை ஆளுநர் அடுத்த முறை கொடுக்காமலும் விடலாம். வாக்காளர் இல்லாத உறுப்பினர் தீர்மானம் கொண்டுவரலாம். அது ஊருக்குள் நடக்காதபோது அரசை உலுக்க அவர் பின்னால் வாக்குப்பலம் இல்லை.

1932இல் பூனா ஒப்பந்தம் வந்தது. தனி வாக்காளர் தொகுதி பறிபோன வலி நமக்குத் தெரியும். மாகாண அவைகளில் 148 இடங்கள் நமக்கு ஒதுக்கப்பட்டன. சென்னைக்கு மட்டும் 30. நியமனத்திலிருந்து தேர்தலுக்கு நாம் அப்படித்தான் வந்து சேர்ந்தோம்.

இனி மேலவைக்கு வருவோம். 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் கூட்டாட்சிக்கு ஒரு மேலவையை வகுத்தது. பிரிட்டிஷ் இந்தியாவுக்கான 156 இடங்களில் 6 இடங்கள் பட்டியல் சாதியினருக்கு என்று அந்தச் சட்டத்திலேயே எழுதியிருந்தது. கூட்டாட்சி நடைமுறைக்கு வராததால் அந்த ஆறு பேரும் அவைக்கு வரவேயில்லை. பிறகு நம் அரசியலமைப்பு வந்தது. அதன் 330ஆம் பிரிவு மக்களவையிலும், 332ஆம் பிரிவு மாநிலச் சட்டப்பேரவைகளிலும் நமக்கு இடம் ஒதுக்குகின்றன. மாநிலங்களவைக்கு அப்படி ஒரு பிரிவு கிடையாது. வெள்ளையர் சட்டம் காகிதத்திலாவது ஆறு இடம் வைத்திருந்தது. நம் சொந்தக் குடியரசின் மேலவையில் அந்த எண் பூஜ்யம்.

அம்பேத்கரே 1952 பொதுத்தேர்தலில் பம்பாயில் தோற்றார். அந்த ஆண்டே பம்பாய் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்து மாநிலங்களவைக்குப் போனார். 1956இல் மறையும்வரை அங்கேதான் உறுப்பினராக இருந்தார். அவருக்கே அந்தக் கதவு ஒதுக்கீட்டால் திறக்கவில்லை. மற்றவர்கள் கட்சித் தலைமையின் மனம் வைத்தே அங்கே போக வேண்டியிருக்கிறது.

குடியரசுத் தலைவர் 12 பேரை நியமிக்கிறாரே என்று சிலர் கேட்கலாம். இலக்கியம், அறிவியல், கலை, சமூக சேவை ஆகியவற்றில் சிறந்தவர்களுக்கு 80ஆம் பிரிவு கொடுக்கும் மதிப்பு அது. 2022இல் இளையராஜா அவர்கள் நியமிக்கப்பட்டபோது தமிழ்நாடே மகிழ்ந்தது, நாமும் மகிழ்ந்தோம். அவர் அங்கே போனது அவருடைய இசைக்காக. அவரை எந்த மாநிலமும் எந்த மக்களும் அனுப்பவில்லை. ஆகவே அவரிடம் போய் நம் குறையைப் பேசுங்கள் என்று கேட்பது முறையும் இல்லை. கலைஞருக்குக் கிடைத்த மரியாதையை மக்களுக்குக் கிடைத்த பிரதிநிதித்துவமாகக் கணக்கில் எழுதக் கூடாது.

கடல் கடந்தும் பார்ப்போம். கனடா நாட்டின் மேலவையான செனட்டில் மாகாணத்துக்கு இத்தனை பேர் என்று கணக்கு உண்டு. ஆனால் எல்லோருமே நியமனம்தான். 1958இல் ஆல்பர்ட்டா மாகாணத்திலிருந்து ஜேம்ஸ் கிளாட்ஸ்டன் என்ற பூர்வகுடித் தலைவர் செனட்டர் ஆக்கப்பட்டார். அவருடைய மக்கள் தம் பூர்வகுடி உரிமைகளை விட்டுக்கொடுக்காமல் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்க 1960 வரை காத்திருந்தார்கள். மேலவையில் ஆள் இருந்தார், வாக்குச் சாவடியில் அவர் மக்கள் இல்லை. நம்முடைய 1920களின் கதைதான் இது. அங்கே செனட்டர் ஆக 4,000 டாலர் மதிப்புள்ள நிலமோ வீடோ சொந்தமாக இருக்க வேண்டும் என்று 1867ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. நிலமில்லாதவன் ஒரு மாகாணத்துக்காகப் பேச முடியாது என்பது அதன் பொருள்.

அந்த எண்ணம் கனடாவில் மட்டும் இருப்பதல்ல. 2023 ஜூலை 26 அன்று இதே வளையமாதேவியில், பரவனாற்று மாற்றுக் கால்வாய்க்காக, கதிர் வரவிருந்த நெற்பயிருக்குள் என்.எல்.சி.யின் பொக்லைன்கள் இறங்கின. நாடே அதைத் தொலைக்காட்சியில் பார்த்தது. பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு தர உயர் நீதிமன்றம் சொன்னது. பயிர் இழந்தவர்களுக்கு அது நியாயம். அதற்காகப் போராடியவர்களுக்கு நம் வணக்கம். ஆனால் அந்த வயலில் நாற்று நட்டவர்கள், களை எடுத்தவர்கள், அறுப்பை எதிர்பார்த்திருந்தவர்கள் யார்? அவர்கள் கையில் பட்டா இல்லை. இழப்பீடு ஏக்கர் கணக்கில் வரும்போது ஏக்கரே இல்லாதவர் கணக்கிலேயே வருவதில்லை. மூன்று ஆண்டுகள் ஒரு நிலத்தை நம்பிக் கூலி வேலை செய்த குடும்பமும் பாதிக்கப்பட்ட குடும்பமே என்று 2013ஆம் ஆண்டு நிலம் எடுப்புச் சட்டம் சொல்கிறது. நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் நிறைவேற்றிய சொல் அது. அந்தச் சொல் எந்த ஊரில், எத்தனை குடும்பத்துக்கு நடந்தது என்று எழுந்து கேட்க அவையில் ஆள் வேண்டும்.

என்.எல்.சி. ஒன்றிய அரசின் நிறுவனம். நிலக்கரி அமைச்சகத்தின் கீழ் இருப்பது. நம் மண்ணின் முடிவு டெல்லியில் எடுக்கப்படுகிறது. அதே 2023இல் ஒன்றிய அரசின் ஏலப் பட்டியலில் கிழக்கு சேத்தியாத்தோப்பு இருந்தது. எதிர்ப்பு எழுந்த பிறகே ஏப்ரலில் நீக்கப்பட்டது. பட்டியலில் ஊரின் பெயர் ஏறுவதற்கு முன்பே கேள்வி கேட்கும் இடம்தான் மாநிலங்களவை. மாநிலத்தின் குரலுக்கென்றே அமைந்த அவை அது. ஆனால் 2003ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, அந்த மாநிலத்தின் வாக்காளராக இல்லாதவரும் அந்த மாநிலத்தின் சார்பில் அங்கே போகலாம். வெளிமாநிலத்தவருக்கு வழி திறந்த சட்டம், இந்த மாநிலத்தின் ஐந்தில் ஒரு பங்கு மக்களுக்கு வழி வைக்கவில்லை.

இது நடக்கக்கூடியதா என்று கேட்பார்கள். தமிழ்நாட்டுக்கு 18 இடங்கள். ஆறு ஆண்டுகளுக்குள் மூன்று முறை, ஆறு ஆறாகத் தேர்தல் நடக்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 20 விழுக்காடு. ஒவ்வொரு ஆறிலும் ஒன்றை ஒதுக்கினால் மூன்று பேர் வருவார்கள். மக்கள்தொகைக்குச் சற்றே குறைவு. கணக்கில் சிக்கல் எதுவும் இல்லை.

தனித்தொகுதியில் வென்றவர்களும் கட்சிக் கொறடாவுக்குக் கட்டுப்பட்டவர்கள்தானே, அதனால் என்ன பயன் என்றும் கேட்பார்கள். உண்மைதான். ஆனால் சட்டத்தில் எழுதிய இடத்தைப் பிடுங்க ஊரறியச் சட்டத்தைத் திருத்த வேண்டும். நியமனத்தை நிறுத்த அதுவும் வேண்டாம், அடுத்த பட்டியலில் பெயரை விட்டுவிட்டால் போதும். சட்டத்தில் எழுதியிருந்தும் நியமனம் நிலைக்கவில்லை என்பதையும் பார்த்தோம். ஆங்கிலோ இந்தியருக்கு மக்களவையில் இருந்த இரண்டு நியமன இடங்கள் 104ஆம் திருத்தத்தால் 2020இல் முடிந்தன. அதே திருத்தம் நம்முடைய தனித்தொகுதிகளை 2030 வரை நீட்டித்தது. ஒரே திருத்தத்தில் ஒன்று நின்றது, ஒன்று போனது. நின்றதற்குப் பின்னால் கோடிக்கணக்கான வாக்குகள் இருந்தன.

ஆகவே நம் கோரிக்கை இதுதான். 2030 நெருங்குகிறது, தனித்தொகுதிகளைப் பற்றி நாடாளுமன்றம் மறுபடி பேசும். அப்போது மாநிலங்களவையிலும் ஒதுக்கீடு வேண்டும் என்பதை நம் இயக்கங்களும் இலக்கிய அமைப்புகளும் சேர்த்துக் கேட்க வேண்டும். அதுவரை, தமிழ்நாட்டின் மாநிலங்களவை உறுப்பினர்கள் அனைவரிடமும், எந்தக் கட்சியானாலும், சுரங்கப் பகுதியில் நிலமற்ற குடும்பங்களின் கணக்கை அவையில் கேளுங்கள் என்று எழுதுவோம். அந்தக் கணக்கை அவர்கள் எடுக்கும்வரை காத்திருக்காமல், தெருத்தெருவாக, பெயர் பெயராக, நாமே எழுதி வைப்போம். எழுதப் படிக்கச் சகஜானந்தர் நமக்குப் பள்ளி கட்டிக் கொடுத்திருக்கிறார்.