மூட்டு எங்கே நிற்கிறது?

விருத்தாசலம் விருத்தகிரீசுவரர் கோயிலின் கோபுர வாயிலில் நடனக் கரணங்களைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். உடம்பு எந்தப் பக்கம் வேண்டுமானாலும் வளையும் என்று சொல்லும் சிற்பங்கள் அவை. நம்மவர் மனத்திலும் அப்படி ஒரு கணக்கு உண்டு: மூட்டு இறுகினால் நோய், நன்றாக வளைந்தால் வரம். ஆகவே எந்த மூட்டு வலித்தாலும் எண்ணெய் போட்டு உருவு, இழுத்து நெட்டி எடு என்று ஒரே வைத்தியம் சொல்லிவிடுகிறோம். இறுகிய மூட்டும் வலிக்கும், தளர்ந்த மூட்டும் வலிக்கும். ஆனால் ஒன்றுக்கு மருந்தாவது மற்றதற்குக் கெடுதல். இரண்டையும் பிரித்தறிவதில்தான் பிசியோதெரபியின் திறமை இருக்கிறது. அந்தத் திறமை பெரும்பாலும் கருவியில் இல்லை, கையில் இருக்கிறது.

பரிசோதிப்பவர் முதலில் நோயாளியையே கையைத் தூக்கச் சொல்கிறார். பிறகு நோயாளி கையைத் தளரவிட, தானே தூக்கிப் பார்க்கிறார். நோயாளியால் முடியாதது பரிசோதிப்பவரால் முடிந்தால் கோளாறு தசையிலோ தசைநாரிலோ நரம்பிலோ இருக்கலாம். இருவராலும் முடியாவிட்டால் மூட்டைச் சுற்றிய உறையே சுருங்கியிருக்கலாம். தோள்பட்டை இறுகியவருக்கு, முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து முன்கையை வெளிப்பக்கம் திருப்புவதுதான் பெரும்பாலும் முதலில் குறையும். கொண்டை போட முடியவில்லை, சட்டைக்குள் கை நுழையவில்லை என்று அவர் சொல்வது இதைத்தான். அசைவு எத்தனை பாகையில் நின்றது என்று கோணம் அளக்கும் கருவியான கோனியாமீட்டர் காட்டிவிடும். எப்படி நின்றது என்பதை விரல்கள்தான் சொல்ல வேண்டும்: எலும்பில் எலும்பு முட்டியதா, தோல்வார் போல இழுத்துப் பிடித்ததா, தடையே தட்டுப்படாமல் வலியால் நோயாளி தடுத்தாரா? லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் சிரியாக்ஸ் இதை ஒழுங்கான முறையாக்கினார். காசில்லாத சோதனை ஒன்றும் உண்டு. நெடுநாள் சர்க்கரை நோயாளியைக் கும்பிடச் சொல்லுங்கள். சிலருக்கு உள்ளங்கைகள் முழுதாக ஒட்டாது, நடுவில் இடைவெளி தெரியும். இரத்தத்தில் மிகுந்த சர்க்கரை கொலாஜன் என்ற புரதத்தோடு பிணைந்து திசுவை விறைக்கச் செய்வதன் அடையாளம் அது.

தளர்வை அளக்க 1973இல் பீட்டர் பெய்ட்டன் செம்மைப்படுத்திய ஒன்பது புள்ளிக் கணக்கு இன்றும் உலகெங்கும் புழங்குகிறது. சுண்டுவிரல் பின்னால் 90 பாகைக்கு மேல் போகிறதா, கட்டைவிரல் முன்கையைத் தொடுகிறதா, முழங்கையும் முழங்காலும் 10 பாகைக்கு மேல் பின்வளைகின்றனவா என்று இரு பக்கமும் பார்ப்பார்கள். முழங்கால் மடங்காமல் குனிந்து உள்ளங்கைகளைத் தரையில் பதித்தால் கடைசிப் புள்ளி. புள்ளி கூடினாலே நோய் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இளம் வயதினருக்கும் பெண்களுக்கும் இயல்பாகவே தளர்வு அதிகம். ஐரோப்பியரை விட நமக்கும் அதிகம். 1993இல் அமெரிக்காவில் 660 இசைக் கலைஞர்களிடம் நடந்த ஆய்வு இதில் ஒரு நுட்பத்தைக் காட்டியது. மணிக்கட்டு தளர்ந்த 96 பேரில் 5 பேருக்குத்தான் அங்கே வலி. தளராத 564 பேரில் 100 பேருக்கு வலி. முழங்காலும் முதுகும் தளர்ந்தவர்களுக்கோ அந்த இடங்களில் தொல்லை கூடுதல். ஓயாமல் அசையும் மூட்டுக்குத் தளர்வு உதவி, அசையாமல் உடம்பைத் தாங்கும் மூட்டுக்கு அது சுமை. இதை விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைக்குப் பொருத்திப் பாருங்கள். அச்சிலிருந்து எடுத்த பொம்மையின் பிசிறைச் சீவும் விரலுக்கு நெகிழ்வு லாபமாக இருக்கலாம். நாள் முழுக்க நின்றே வேலை செய்யும் கால்களுக்கு அதே நெகிழ்வு வினையாகலாம். அந்தக் காலை இன்னும் நீட்டி இழுப்பதில் பொருளே இல்லை. தொடைத் தசைக்கு வலுவூட்டி, முழங்கால் இருக்கும் நிலையை உணரும் பயிற்சி கொடுப்பதே வைத்தியம்.

இறுக்கத்துக்காவது பலமாக இழுக்கலாமே என்றால், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளின் கைகளைச் சீராக்கிய பால் பிராண்டின் அனுபவம் வேறு விதம். கொல்லிமலையில் பிறந்தவர் அவர். மடங்கி இறுகிப்போன விரலை வலிந்து நீட்டினால் திசு கிழியும். கிழிந்த இடம் தழும்பாகி முன்னிலும் இறுகும் என்பது அவர் கண்டது. ஆகவே விரலை நோகாத அளவுக்கு மட்டும் நீட்டி, மாவுக்கட்டால் உருளையாகச் சுற்றி, சில நாள் கழித்துப் பிரித்து, கிடைத்த சிறு நீட்சியில் மறுகட்டுப் போடும் முறையைக் கையாண்டார். அந்த நீட்சியில் நிற்கும் திசு மெல்ல மெல்ல வளர்கிறது. இழுபட்டு நீள்வதில்லை என்பது அவர் கருத்து. கட்டுக்கு வேண்டிய பொருள் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். பீங்கான் பட்டறையில் களிமண் கரைசலை ஊற்றும் அச்சுகளும் அதே பொருளில் செய்தவைதான்.

மறுப்பு சொல்பவர்களும் உண்டு. சுளுக்கு எடுப்பவரிடம் போன உடனே சுகமாகிறதே என்பார்கள். அந்தச் சுகம் பொய்யில்லை. நெட்டி முறியும்போது மூட்டு நீரில் வாயுக் குமிழ் உருவாகிறது, தசையும் சற்று நேரம் இளகுகிறது. கைப்பழக்கத்தில் தேர்ந்த சுளுக்கு வைத்தியர்களை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் ஏற்கெனவே தளர்ந்த மூட்டில் வாராவாரம் அந்தச் சுகத்தைத் தேடுவதால் மூட்டுக்கு வேண்டிய பிடிப்பு வந்துவிடாது. மயக்க மருந்து கொடுத்து மருத்துவர்களே இறுகிய தோளை வலிந்து அசைப்பதில்லையா என்று கேட்டால், அசைக்கிறார்கள். மற்ற வழிகளில் பலன் இல்லாத சிலருக்கு மட்டும், எலும்பு முறியக்கூடும் என்பதை அறிந்தே. வலி உச்சத்தில் இருக்கும் ஆரம்ப மாதங்களில் அதே தோளை முரட்டுத்தனமாகத் திருகுவது வலியைத்தான் கூட்டும். மூட்டு சிவந்து வீங்கிச் சூடாக இருந்தாலோ காய்ச்சல் சேர்ந்தாலோ உருவலும் வேண்டாம், பயிற்சியும் வேண்டாம்; முதலில் மருத்துவர் பார்க்கட்டும்.

இன்னும் வலுவான மறுப்பு கூலிக்காரருடையது. ஆறு வாரம் தினமும் ஆஸ்பத்திரிக்கு நடந்தால் அடுப்பு எரியுமா? நியாயமான கேள்வி. இதற்கு விடை சொல்லத் தெரியாத பிசியோதெரபிஸ்ட்டின் கைத்திறன் பாதிதான். மாவுக்கட்டு ஆள் தூங்கும்போதும் வேலை செய்கிறது, இரண்டு கட்டுக்கு நடுவில்தான் ஆஸ்பத்திரிப் பயணம். தோள் இறுகியவர் ஒரு கம்பை இரு கையாலும் பிடித்து, நல்ல கையால் மறுகையை வெளிப்பக்கம் மெல்லத் தள்ளும் பயிற்சியை வீட்டுத் திண்ணையிலேயே செய்யலாம். முழங்கால் தளர்ந்தவர் நிற்கும்போது காலைப் பின்னுக்குப் பூட்டிக்கொள்ளாமல் இம்மியளவு மடக்கி நிற்கப் பழகலாம், இடையிடையே உட்கார ஒரு ஸ்டூல் வேண்டும். அந்த ஸ்டூலைப் போட வேண்டியவர் பட்டறை முதலாளி.