விடால் ‘பாசிட்டிவ்’ என்று வந்தால்

காய்ச்சல் மூன்று நாளாக விடவில்லை என்றால் நம் ஊர்களில் எழுதித் தரும் ரத்தச் சோதனைகளில் விடாலும் பெரும்பாலும் இருக்கும். டைபாய்டுக்கான சோதனை அது.

1896-இல் வியன்னாவில் குரூபர், டர்ஹாம் என்ற இருவர், நோய்க்கிருமியோடு அதை எதிர்க்கும் ரத்தச் சீரத்தைச் சேர்த்தால் கிருமிகள் ஒன்றுகூடித் திரள்வதைக் கண்டார்கள். தெரிந்த சீரத்தை வைத்துத் தெரியாத கிருமியை அடையாளம் காண அது உதவியது. அதே ஆண்டில் பாரிஸ் மருத்துவர் பெர்னான் விடால் அதை அப்படியே திருப்பிப் போட்டார். தெரிந்த கிருமியை வைத்துக்கொண்டு நோயாளியின் சீரத்தைச் சோதித்தார்.

லேபில் என்ன நடக்கிறது? எடுத்த ரத்தத்தை அரை மணி நேரம் உறையவிட்டுச் சுழற்றினால், மேலே வெளிர்மஞ்சள் நீர் தெளிந்து நிற்கும். அதுதான் சீரம். கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு சீரம் விட்டு, கொன்று சாயமேற்றிய டைபாய்டு கிருமிகள் உள்ள திரவம் ஒரு சொட்டைச் சேர்ப்பார்கள். குச்சியால் கலக்கி, ஒரு நிமிடம் தகட்டை மெல்ல ஆட்டுவார்கள். சீரத்தில் கிருமியை எதிர்க்கும் ஆன்டிபாடி இருந்தால், அதற்குப் பற்றும் முனைகள் இரண்டோ அதற்கு மேலோ உண்டு. ஒரு முனை ஒரு கிருமியையும் மறுமுனை அடுத்ததையும் பிடித்துக்கொள்ள, பால் திரிந்ததுபோல் திப்பி திப்பியாகத் தெரியும். சீரத்தை 40, 80, 160 மடங்கு என்று நீர்க்கச் செய்துகொண்டே போய், கடைசியாகத் திரளும் அளவைத்தான் ரிப்போர்ட்டில் 1:160 என்று எழுதுகிறார்கள்.

என் கவலையெல்லாம் இந்த எண்ணைப் பற்றித்தான். ஆன்டிபாடி தென்படச் சுமார் ஒரு வாரம் ஆகும். மூன்றாம் நாளே பார்த்தால் டைபாய்டு இருந்தும் நெகட்டிவ் வரலாம். எப்போதோ டைபாய்டு வந்து போனவருக்கும், தடுப்பூசி போட்டவருக்கும், ஏன், மலேரியா கண்டவருக்குங்கூட பாசிட்டிவ் வரலாம். பத்துப் பதினான்கு நாள் இடைவெளியில் இரண்டு முறை எடுத்து, அளவு நான்கு மடங்கு ஏறியிருந்தால் அதற்குப் பொருளுண்டு. ஆனால் காய்ச்சலோடு அத்தனை நாள் யார் காத்திருப்பார்?

இதற்கு மாற்றாக ரத்தக் கல்ச்சர் என்ற சோதனை உண்டு; அதில் ரத்தத்திலுள்ள கிருமியையே வளர்த்துப் பார்க்கிறார்கள். எந்த மருந்துக்கு அது கட்டுப்படும் என்பதும் தெரிந்துவிடும். முடிவு வரச் சில நாளாகும், செலவும் கூடும், சிலருக்குக் கிருமி அகப்படாமலும் போகலாம். ஆன்டிபயாடிக் தொடங்கிவிட்டால் அகப்படுவது இன்னும் அரிது. ஆகவே முதல் மாத்திரைக்கு முன்பே, “கல்ச்சருக்கு ரத்தம் கொடுக்கலாமா, டாக்டர்?” என்று கேளுங்கள். பழைய விடால் ரிப்போர்ட்டைக் காட்டி மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிச் சாப்பிடாதீர்கள்.