பாதித் தறியில் எழுந்து போகிறவர்கள்

(ஆர்.கே.பேட்டை பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



"பதவி விலகல் தியாகமா?" என்று கேள்விக்குறி போட்டு நோட்டீஸ் அடித்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால் கேள்விக்குறிக்கே அவசியம் இல்லை. தியாகம் செய்கிறவன் தன் பொருளைக் கொடுக்க வேண்டும். எம்.எல்.ஏ. பதவி யாருடைய பொருள்? வரிசையில் நின்று, விரலில் மை வைத்துக்கொண்டு, அன்றைய கூலியை விட்டுவிட்டு நீங்கள் கொடுத்த பொருள். ஐந்து வருஷத்துக்கு என்று சொல்லிக் கொடுத்தது. அதை இரண்டாம் வருஷம் சபாநாயகர் மேசையில் வைத்துவிட்டு வருகிறவருக்கு மாலை எதற்கு? "பதவியைத் துச்சமென உதறிய தலைவா" என்று சுவரொட்டி எதற்கு? உதறியது உங்கள் ஓட்டை ஐயா!

தூரத்துக் கதை வேண்டாம். இங்கிருந்து நகரி, புத்தூர் வழியாகப் போனால் திருப்பதி. 2009-ல் அங்கே நின்றவர் சிரஞ்சீவி. நம் ஊரிலும் அவர் படத்துக்கு விசில் அடித்தவர்கள் இருக்கிறீர்கள், தெரியும், கை தூக்க வேண்டாம். பிரஜா ராஜ்யம் என்று கட்சி ஆரம்பித்து, பாலகொல்லு, திருப்பதி என இரண்டு இடத்தில் நின்றார். பாலகொல்லு அவருடைய சொந்த மாவட்டம், அங்கே தோற்றார். கைவிடாதது திருப்பதிக்காரர்கள். ஆந்திர சட்டமன்றத்தின் 294 இடத்தில் அவருடைய கட்சிக்குக் கிடைத்தது 18. 2011-ல் கட்சியைக் கொண்டுபோய்க் காங்கிரஸில் சேர்த்தார். 2012-ல் மாநிலங்களவை உறுப்பினர் ஆனார், திருப்பதியை விட்டார், அந்த வருஷக் கடைசிக்குள் மத்திய அமைச்சரும் ஆனார். திருப்பதிக்கு என்ன கிடைத்தது? இடைத்தேர்தல் கிடைத்தது. அதில் அவர் சேர்ந்த காங்கிரஸைத் தோற்கடித்து ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸை அனுப்பினார்கள். 2014-ல் ஆந்திரத்தில் காங்கிரஸே துடைத்தெறியப்பட்டது. சிரஞ்சீவி அதற்குப் பிறகு எந்தத் தேர்தலிலும் வேட்பாளராக நிற்கவில்லை. படம் நடிக்கிறார், நன்றாகவே நடிக்கிறார், வாழ்க.

நம் மாநிலம் மட்டும் யோக்கியமா? 2024 பிப்ரவரியில் விளவங்கோடு எம்.எல்.ஏ. விஜயதரணி பதவியை விட்டுவிட்டுக் காங்கிரஸிலிருந்து பா.ஜ.க.வுக்குப் போனார். சட்டமன்றத்துக்கு இன்னும் இரண்டு வருஷத்துக்கு மேல் ஆயுள் இருந்தது. அடுத்து வந்த மக்களவைத் தேர்தலில் புதிய கட்சி அவருக்குக் கன்னியாகுமரியைக் கொடுக்கவில்லை. விளவங்கோட்டுக்காரர்கள் இடைத்தேர்தலில் மறுபடியும் காங்கிரஸுக்கே போட்டார்கள். அம்மையார் கையில் இருந்ததும் போயிற்று, கேட்டதும் வரவில்லை.

கட்சி மாறினால்தான் என்றில்லை. 2019-ல் நாங்குநேரி எம்.எல்.ஏ.வாக இருந்தபடியே வசந்தகுமார் கன்னியாகுமரியில் மக்களவைக்கு நின்று ஜெயித்தார். இரண்டையும் வைத்துக்கொள்ள முடியாது, நாங்குநேரியை விட்டார். இடைத்தேர்தலில் அங்கே அ.தி.மு.க. வந்தது. 2024-ல் ராகுல் காந்தி வயநாட்டிலும் ரேபரேலியிலும் நின்று இரண்டிலும் ஜெயித்து, வயநாட்டை விட்டார். மறுபடி வாக்குச்சாவடி, மறுபடி போலீஸ் பந்தோபஸ்து, மறுபடி பள்ளிக்கூடத்துக்கு லீவு. எந்தக் கட்சியும் இதில் சுத்தம் இல்லை. அதனால்தான் இந்த மேடையில் எந்தக் கொடியும் கட்டவில்லை.

இப்போது ஒருவர் எழுந்து, "லால் பகதூர் சாஸ்திரி விலகினாரே, அதுவும் தப்பா?" என்று கேட்பார். கேட்க வேண்டும். அந்தக் கதையில் நமக்கும் பங்கு உண்டு.

1956 நவம்பர் 23. சென்னையிலிருந்து போன தூத்துக்குடி எக்ஸ்பிரஸ், அரியலூர் பக்கம் மருதையாற்றில் கவிழ்ந்தது. மழை, வெள்ளம், விடியாத நேரம். 140 பேருக்கு மேல் செத்தார்கள். அதற்குச் சில மாதம் முன்புதான் மகபூப்நகரில் ஒரு ரயில் விபத்து, அதில் 112 பேர். அப்போதே ரயில்வே அமைச்சர் சாஸ்திரி விலகல் கடிதம் கொடுத்தார், நேரு வாங்கவில்லை. அரியலூருக்குப் பிறகு மறுபடி கொடுத்தார், வாங்கிக்கொண்டார். சாஸ்திரி மேல் குற்றம் இருக்கிறது என்பதற்காக அல்ல, அரசியல் சட்ட மரபுக்காக ஏற்கிறேன் என்று நேரு நாடாளுமன்றத்தில் விளக்கினார்.

கவனியுங்கள், சாஸ்திரி விட்டது அமைச்சர் பதவியை. அது பிரதமர் கொடுத்தது, பிரதமரிடமே திரும்பப் போயிற்று. எந்தத் தொகுதியும் அநாதையாகவில்லை, இடைத்தேர்தல் வரவில்லை, யாரும் அவருக்காக இன்னொரு நாற்காலியைத் துடைத்து வைத்திருக்கவில்லை. 1957 பொதுத்தேர்தலில் மக்களிடம் போனார், ஜெயித்தார், மறுபடி அமைச்சரானார். 1964-ல் பிரதமரானார்.

நமக்குப் பங்கு என்றேனே, அதற்கு வருகிறேன். அன்றைக்கு ரயில்வே துணை அமைச்சர் யார்? ஓ.வி.அழகேசன், செங்கல்பட்டு எம்.பி. சாஸ்திரி டெல்லியில் இருந்தார். கோபத்தைக் கொட்டுவதற்குத் தமிழன் கைக்கு எட்டியவர் அழகேசன்தான். ஆண்டதும் போதும், மக்கள் மாண்டதும் போதும் என்கிற பொருளில் தி.மு.க.காரர்கள் அவர் பெயரை அரியலூரோடு சேர்த்து எதுகை மோனையில் முழங்கினார்கள். தெருவெல்லாம் அதே பேச்சு. 1957-ல் செங்கல்பட்டு வேறொருவரை மக்களவைக்கு அனுப்பியது. 1962-ல் அதே செங்கல்பட்டு அழகேசனைத் திரும்ப அனுப்பியது. 1971-ல் அவர் எந்தத் தொகுதியில் ஜெயித்தார் தெரியுமா? திருத்தணியில்! அரியலூர் விபத்து நடந்தபோது ஆந்திரத்தில் இருந்த திருத்தணி, 1960 ஏப்ரல் 1-ல் ம.பொ.சி.யும் மற்றவர்களும் போராடித் தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்த திருத்தணி. மக்கள் தண்டிப்பார்கள், மன்னிக்கவும் செய்வார்கள். ஆனால் கணக்கைத் தேர்தலில் தீர்த்துக்கொள்கிறவரைத்தான் மன்னிப்பார்கள்.

அடுத்த பெயரைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். காமராஜர்.

அவரைக் குறை சொல்ல எனக்கு நா எழாது. மதிய உணவு போட்டுப் பள்ளிக்கூடம் திறந்தவர். ஆனாலும் நடந்ததைப் பேசித்தான் ஆக வேண்டும். 1962-ல் தமிழ்நாடு அவரை நம்பி ஐந்து வருஷத்துக்கு ஓட்டுப் போட்டது. 1963 அக்டோபர் 2-ல் அவர் முதலமைச்சர் பதவியை விட்டார். பெரிய பதவியில் இருக்கிறவர்கள் இறங்கிக் கட்சி வேலைக்கு வர வேண்டும் என்பது அவருடைய திட்டம், அதற்குப் பெயரே காமராஜ் திட்டம். ஆறு முதலமைச்சர்கள், ஆறு மத்திய அமைச்சர்கள் இறங்கினார்கள். சாஸ்திரி, மொரார்ஜி தேசாய், ஜகஜீவன் ராம் எல்லாரும் அதில் உண்டு. வேண்டாதவர்களைக் கழற்றிவிட நேருவுக்கு அது வசதியாகப் போயிற்று என்று அன்றைக்கே பேசினார்கள். மற்றவர்களைப் பற்றி எப்படியும் சொல்லிக்கொள்ளட்டும், காமராஜர் தனக்கென்று எதையும் கணக்குப் போட்டு இறங்கவில்லை. கட்சித் தலைவராகி இரண்டு முறை பிரதமரை உட்கார வைத்தார், தான் உட்காரவில்லை.

அப்படிப்பட்டவருக்கே என்ன நடந்தது? அவர் இடத்துக்கு பக்தவத்சலம் வந்தார். 1965-ல் இந்தி எதிர்ப்புப் போராட்டம், துப்பாக்கிச் சூடு. அரிசிக்கு வரிசை. 1967-ல் காங்கிரஸ் ஆட்சி போயிற்று, விருதுநகரில் பெ.சீனிவாசன் என்கிற மாணவர் தலைவரிடம் ஆயிரத்துச் சொச்சம் ஓட்டில் காமராஜரே தோற்றார். அவர் கோட்டையிலேயே இருந்திருந்தால் 1965 வேறு மாதிரி போயிருக்கும் என்று நான் நம்புகிறேன். இல்லை என்கிறவர்களோடு டீக்கடையில் உட்கார்ந்து பேசத் தயார். நான் சொல்ல வருவது ஒன்றுதான்: உத்தமர் விட்டுப் போனாலும் ஊர்தான் விலை கொடுக்கிறது. அப்படியிருக்க, பேரம் பேசிவிட்டு விட்டுப் போகிறவருக்குத் தியாகி பட்டமா?

பேரம்கூடப் பேசத் தெரியாதவர்களும் உண்டு. 2017 பிப்ரவரி 5-ல் ஓ.பன்னீர்செல்வம் முதலமைச்சர் பதவியை விட்டார். இரண்டு நாள் கழித்து மெரினாவில் ஜெயலலிதா நினைவிடத்தில் உட்கார்ந்து, எழுந்து, கட்டாயப்படுத்திக் கடிதம் வாங்கினார்கள் என்றார். சில மாதத்தில் துணை முதல்வர். 2024-ல் ராமநாதபுரத்தில் சுயேச்சை, பலாப்பழச் சின்னம், போதாக்குறைக்கு அதே பெயரில் இன்னும் சிலர் போட்டி. அங்கேயும் தோல்வி. அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் உட்கார்ந்து யோசித்திருக்கலாம்.

சரி, பாதியில் விட்டவர் திரும்பி வரவே முடியாதா? வரலாம். அரவிந்த் கெஜ்ரிவால் 2013 டிசம்பரில் டெல்லி முதலமைச்சரானார். ஜன்லோக்பால் மசோதாவைத் தாக்கல் செய்ய முடியவில்லை என்று 49 நாளில் விட்டார். அடுத்து வாரணாசியில் மோடியை எதிர்த்து நின்று தோற்றார். டெல்லியின் ஏழு மக்களவை இடத்தில் அவர் கட்சிக்கு ஒன்றும் இல்லை. ஓடிப்போனவர் என்று கேலி. அப்போது அவர் செய்த ஒரு காரியம் நம் ஆட்கள் யாரும் செய்யாதது: விட்டது தப்பு என்று தெருத்தெருவாகப் போய் மன்னிப்புக் கேட்டார். 2015-ல் எழுபதுக்கு 67. அதே மனிதர் 2024 செப்டம்பரில், மதுக் கொள்கை வழக்கில் ஜாமீனில் வந்தபின், மக்கள் நேர்மைச் சான்று கொடுத்தால்தான் அந்த நாற்காலியில் உட்காருவேன் என்று மறுபடி விலகினார். 2025 பிப்ரவரியில் கட்சிக்கு 22 இடம், அவருக்குச் சொந்தத் தொகுதியும் இல்லை. கேட்ட சான்றிதழை அப்படிக் கொடுத்தார்கள்.

கடல் கடந்தும் இதே கதைதான். அமெரிக்காவில் அலாஸ்கா என்று ஒரு மாநிலம். அங்கே ஆளுநர் என்றால் நம் முதலமைச்சர் மாதிரி, மக்கள் ஓட்டில் வருகிறவர். சாரா பாலின் 2008-ல் துணை ஜனாதிபதி பதவிக்கு நின்று தோற்றார். 2009 ஜூலையில், இன்னும் ஒன்றரை வருஷம் பாக்கி இருக்கும்போதே ஆளுநர் பதவியை விட்டார். ஜனாதிபதித் தேர்தலுக்குத் தயாராகிறார் என்று ஊரே பேசியது. 2012-ல் அவர் நிற்கவே இல்லை. 2022-ல் அலாஸ்காவின் ஒரே மக்களவை இடத்துக்கு வந்து நின்றார், அங்கேயும் தோற்றார்.

இனி நம் வேலைக்கு வருகிறேன். அம்மையார்குப்பத்திலும் பொதட்டூர்பேட்டையிலும் இங்கேயும் தறி ஓட்டுகிறவர்களைக் கேட்கிறேன். முதலாளியிடம் முன்பணம் வாங்கிப் பாவு ஏற்றிவிட்டு, பாதியில் எழுந்து வேறு கூடத்துக்கு அதிகக் கூலிக்குப் போனால் என்ன நடக்கும்? "தியாகி" என்று மாலை போடுவாரா? வாங்கிய முன்பணத்தை எண்ணி வைத்துவிட்டுப் போ என்பார். அதில் நியாயம் உண்டு. உங்களுக்கு இருக்கிற அந்தச் சட்டம் ஏன் எம்.எல்.ஏ.வுக்கு இல்லை?

ஒரு இடம் காலியானால் ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல் நடத்த வேண்டும் என்கிறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். செலவு அரசாங்கத்துடையது, அதாவது உங்களுடையது. ஒருவர் இரண்டு இடத்தில் நிற்கலாம் என்றும் அதே சட்டம் சொல்கிறது. முன்பு எத்தனை இடத்திலும் நிற்கலாம் என்று இருந்ததை 1996-ல் இரண்டாகக் குறைத்தார்கள். தேர்தல் ஆணையம் 2004-லேயே எழுதிக் கொடுத்தது: இரண்டு இடப் போட்டியைத் தடை செய்யுங்கள், இல்லாவிட்டால் விட்டுப் போகிறவரிடம் சட்டமன்றத்துக்கு 5 லட்சம், மக்களவைக்கு 10 லட்சம் வாங்குங்கள் என்று. இருபது வருஷத்துக்கு மேலாயிற்று, எந்தக் கட்சி அரசும் தொடவில்லை. 2023-ல் உச்ச நீதிமன்றத்தில் போட்ட வழக்கும் தள்ளுபடியாயிற்று. இது நாடாளுமன்றம் முடிவு செய்ய வேண்டிய விஷயம் என்று சொல்லிவிட்டார்கள்.

நோயால் விலகுகிறவர், பழியை ஏற்று விலகுகிறவர் — அவர்களிடம் யாரும் பணம் கேட்கவில்லை. இன்னொரு பதவிக்காகவும் இன்னொரு கட்சிக்காகவும் பாதியில் விட்டுப் போகிறவர், அந்தத் தொகுதி இடைத்தேர்தலின் முழுச் செலவையும் கட்ட வேண்டும். ஆணையம் சொன்ன 5 லட்சம் எனக்குப் போதாது. 5 லட்சத்தைக் கல்யாண மண்டப வாடகையாகக் கொடுக்கிற கூட்டம் அது.

இதைத்தான் தீர்மானமாக எழுதியிருக்கிறோம். சட்டம் வரும்வரை சும்மா இருக்கப்போவதில்லை. அடுத்த தேர்தலில் இந்த ஊருக்குள் ஓட்டுக் கேட்டு வருகிற ஒவ்வொரு வேட்பாளரிடமும், "ஐந்து வருஷமும் இருப்பேன், வேறு பதவிக்காக விலகினால் செலவைக் கட்டுவேன்" என்று எழுதிக் கையெழுத்து வாங்கி, பஸ் நிலையத்தில் ஒட்டுவோம். கையெழுத்துப் போடாதவர் பெயரையும் ஒட்டுவோம். செயலாளர் இப்போது தீர்மானத்தை வாசிப்பார். ஆட்சேபணை உள்ளவர்கள் மேடைக்கு வரலாம், மைக் இங்கேதான் இருக்கிறது.