சட்டி சட்டியாகவே இருக்கட்டும்

அன்றாட வாழ்வில் கடவுளைக் காண்பது என்றதும் நம் பிரசங்க மேடைகளுக்குக் கைவந்த ஒரு வழி இருக்கிறது. விளக்கைக் கண்டால் வேதவசனம், உப்பைக் கண்டால் சாட்சி வாழ்வு என்று எதிலிருந்தும் ஒரு பாடத்தைக் கறந்துவிடுவோம். இயேசுவே உவமைகளில் பேசியவர். ஆகவே இதைத் தவறென்று தள்ளுவதற்கில்லை. ஆனால் பாடம் கைக்கு வந்ததும் விளக்கும் உப்பும் நமக்கு மறந்துபோகின்றன. கையிலுள்ள வேலையைக் கடவுளின் முன்னிலையில் செய்வது இதைவிட ஆழமான வழி என்பது என் வாதம். அதற்குச் சாட்சியாக ஒரு சமையற்காரரை அழைக்கிறேன்.

லொரேன் பகுதியில் 1614-ஆம் ஆண்டளவில் பிறந்த நிக்கோலா எர்மான், போரில் காலில் காயம்பட்ட சிப்பாய். பிற்பாடு பாரிஸ் கார்மல் துறவுமடத்தில், குருப்பட்டம் பெறாத சகோதரராகச் சேர்ந்து லாரன்ஸ் என்று பெயர் பெற்றார். மடம் அவரைச் சமையற்கட்டுக்கு அனுப்பியது; அவருக்கோ இயல்பிலேயே அந்த வேலை பிடிக்காது. இருந்தும் பதினைந்து ஆண்டுபோல அங்கே உழைத்தார். 1666-இல் தொடங்கி ஜோசப் தெ போஃபோர் என்னும் குரு அவரோடு பேசி எழுதிவைத்த குறிப்புகளாலும் சில கடிதங்களாலும்தான் அவரை நாம் அறிகிறோம். பதினெட்டு வயதில், குளிர்காலத்தில் இலையுதிர்ந்து நின்ற மரம் மறுபடி துளிர்க்குமே என்று எண்ணியபோது கடவுளின் வல்லமை அவருக்குப் புலப்பட்டதாம். இது நாம் அறிந்த வழிதான். சமையற்கட்டில் பேச்சு மாறிவிடுகிறது. அடுப்புத் தீ பரிசுத்த ஆவி, சட்டி ஆன்மா என்றெல்லாம் அவர் விரிப்பதில்லை. கடவுள்மேல் உள்ள அன்பினால் ஆம்லெட்டைத் திருப்பிப் போடுகிறார். வெந்தபின், வேறு வேலை இல்லையென்றால், தரையில் விழுந்து வணங்கி எழுகிறார். அந்த 'இல்லையென்றால்' என்ற சொல்லில்தான் எனக்கு அவர் முழுமையாகத் தெரிகிறார். வணக்கத்துக்காக ஆம்லெட்டைக் கருகவிடுகிறவர் அல்லர் அவர். நாலு பேர் நாலு பக்கமிருந்து கூப்பிடும் இரைச்சலிலும், நற்கருணைமுன் முழந்தாளிட்டிருக்கும் அதே அமைதி தமக்கு உண்டு என்றார்.

அப்படியானால் ஆலயம் எதற்கு என்று கேட்கலாம். லாரன்ஸ் மடத்தின் ஜெபவேளைகளை விட்டுவிடவில்லை. அங்கே பழகியதையே அடுப்படிக்கும் கொண்டுபோனார்.

இன்னொரு மறுப்பு கனமானது. காலமெல்லாம் அடுப்படியில் கிடப்பவளிடம், 'சட்டியிலே கடவுளைப் பார்' என்பது அவளை அங்கேயே இருத்திவைக்கும் தந்திரம் ஆகாதா? உட்கார்ந்து சாப்பிடுகிறவர் சொன்னால் ஆகும், சந்தேகமே இல்லை. லாரன்ஸ் தம் கை செய்த வேலையைப் பற்றிப் பேசினார். பிறர் தலையில் அதைச் சுமத்தவில்லை. லூக்கா 10-ஆம் அதிகாரத்தில், தன் சகோதரி மரியாளையும் வேலைக்கு அனுப்பும்படி மார்த்தாள் இயேசுவிடம் கேட்கிறாள். தம் பாதத்தருகே அமர்ந்தவளை எழுப்ப அவர் மறுக்கிறார். வேதத்தைக் காட்டி ஒருத்தியைச் சமையற்கட்டுக்கு விரட்டுகிறவர் இந்த இடத்தைத் தாண்டித்தான் போகவேண்டும். அங்கே மார்த்தாள் கேட்ட கண்டிப்பும் அவளுடைய பதற்றத்தைப் பற்றியது. சமையலை இயேசு பழிக்கவில்லை. யோவான் நற்செய்தியில், சகோதரன் லாசருவைக் கல்லறையில் வைத்து நாலு நாளான நிலையில், நீரே கிறிஸ்து என்று அறிக்கையிடுகிறவளும் இதே மார்த்தாள்தான். அடுத்த அதிகாரத்தில் பெத்தானியாவில் விருந்து. உயிரோடு எழுந்த லாசரு பந்தியில் இருக்கிறான். மார்த்தாள் பரிமாறிக்கொண்டிருக்கிறாள், இந்த முறை அவள் யாரைப் பற்றியும் முறையிடவில்லை.