சேர்ந்தவர் எத்தனை? தேறியவர் எத்தனை?

(மீஞ்சூரில் மாணவர் தோழர்களிடையே ஆற்றிய உரை)



கல்வியைப் பற்றிப் பேசும்படி பணித்திருக்கிறீர்கள். கல்வி என்றவுடன் நம்மவர் நெஞ்சு நிமிர்கிறது. நிமிரட்டும், நிமிர்வதற்குக் காரணம் உண்டு. 2021–22ஆம் ஆண்டின் அனைத்திந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, உயர்கல்விச் சேர்க்கை விகிதம் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 47. இந்தியா முழுவதற்கும் சேர்த்துப் பார்த்தால் 28.4 மட்டுமே.

இந்த ஏற்றம் வானத்திலிருந்து விழுந்ததன்று. அரைநேரம் பள்ளி, மறுநேரம் அப்பன் தொழில் என்று 1953இல் ஒரு திட்டம் வந்தது. குலக்கல்வி என்று அதற்குப் பெயர் சூட்டித் தமிழகம் கொதித்தெழுந்தது. 1954இல் காமராசர் முதலமைச்சரானார். திட்டம் குப்பைக்குப் போயிற்று. 1956இல் பகலுணவுத் திட்டம் விரிந்தது. பசித்த பிள்ளை பள்ளிக்கு வந்தான், வந்தவன் படித்தான், அவன் பேரப்பிள்ளை இன்று கல்லூரி வாயிலில் நிற்கிறான்.

ஆனால் தோழர்களே, 47 என்பது எதன் கணக்கு? 18 முதல் 23 வயது வரையுள்ள மக்கள் தொகையோடு, உயர்கல்வி நிலையங்களில் பெயர் பதிந்திருப்போர் தொகையை ஒப்பிட்டுக் கண்ட கணக்கு. அஃது உள்ளே நுழைந்தோர் கணக்கே தவிர, பட்டம் பெற்று வெளியே வந்தோர் கணக்கன்று! நாற்று நட்ட கணக்கு கையில் இருக்கிறது. களத்துமேட்டில் மரக்கால் அளந்த கணக்கு எங்கே?

பக்கத்துப் பொன்னேரியிலே உலகநாத நாராயணசாமி அரசுக் கல்லூரி இருக்கிறது. 1965இல் தொடங்கிய கல்லூரி. மீஞ்சூர் உழைப்பாளியின் மகளும், பழவேற்காட்டு மீனவரின் மகனும் வீட்டிலிருந்தே போய்வந்து படிக்கத்தக்க கல்லூரி. அக்கல்லூரியையோ அதன் ஆசிரியரையோ குறை கூற நான் வரவில்லை. அத்தகைய கல்லூரிகளை நம்பியிருக்கும் பிள்ளைகளின் வழியில் கிடக்கும் முட்களைச் சுட்டிக்காட்டவே வந்தேன்.

முதல் முள், மொழியும் பாடமும். பன்னிரண்டாண்டு தமிழில் படித்தவன் கையில், முதலாண்டிலேயே ஆங்கிலப் பாடநூல்! கேட்ட பாடம் வேறு, கிடைத்த பாடம் வேறு. முதற்பருவத்தில் இரண்டு தாள் போகிறது. அதற்கு ‘அரியர்’ என்று பெயர். அரியர் அரியரை ஈனும், நம்பிக்கையைத் தின்னும்.

இரண்டாம் முள், கூலி. கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழிற்பேட்டை. அத்திப்பட்டிலும் வல்லூரிலும் அனல்மின் நிலையங்கள். எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் துறைமுகங்கள். தொழில் வளர்வது நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் தந்தை நோயில் விழுந்த வீட்டிலே, இரண்டாமாண்டு மாணவன் முன் ஒப்பந்தக்காரர் வண்டி வந்து நிற்கிறது. இரவு முறை வேலை பார்த்தவன் காலை வகுப்பில் கண் அயர்கிறான். பின்னர் வகுப்புக்கே வருவதில்லை. பள்ளிகளைத் திறந்த காமராசரின் பெயர் தாங்கிய துறைமுகத்தின் வாசலில், படிப்பைப் பாதியில் விட்ட பிள்ளை ஒப்பந்தக் கூலியாக நிற்பானேயானால், அதைக்காட்டிலும் வேதனை நமக்கு வேறென்ன?

மூன்றாம் முள், பெண்ணுக்கென்றே வைத்தது: நல்ல வரன் வந்தது, நாளும் குறித்தாயிற்று, படிப்பு பிறகு என்பது!

“பட்டம் இல்லாவிட்டால் என்ன? வேலைதான் கிடைத்துவிட்டதே!” என்பர் சிலர். ஒரே ஒரு தாள் நின்றாலும் பட்டம் இல்லை. பட்டம் இல்லையேல் தேர்வாணையத்தின் குரூப்–1, குரூப்–2 தேர்வுகளின் வாயில் அடைபட்டது. 69 விழுக்காடு இடஒதுக்கீட்டுக்கு 1993இல் சட்டம் செய்தோம். 1994இல் அரசியல் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணையிலே ஏற்றிக் காத்தோம். அந்த 69இல் பட்டதாரிக்குரிய பங்கைப் பெறப் பட்டதாரி வேண்டாமா? பாதியில் நின்றவன் இழப்பது பட்டத்தை மட்டுமன்று. பாட்டன் காலத்திலிருந்து நாம் போராடிப் பெற்ற பங்கையும் இழக்கிறான்.

இந்த நிலையில்தான் 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை வந்தது. ஓராண்டில் போகிறாயா, சான்றிதழ். ஈராண்டில் போகிறாயா, பட்டயம் என்றது. விரும்பினால் திரும்பி வந்து தொடரலாமே என்றும் விளக்கம் தருகின்றனர். யார் போவார், யார் திரும்புவார்? செல்வர் வீட்டுப் பிள்ளை ஓராண்டுச் சான்றிதழோடு எழுந்து போவதில்லை. குடும்பச் சுமையைத் தோளில் ஏற்றியவன் போவான். ஏற்றிய சுமையை இறக்கி வைத்துவிட்டு மீண்டும் வகுப்பில் அமர்தல் எளிதன்று. 1953இல் அரைநாள் பள்ளி. 2020இல் அரைப்படிப்புச் சான்றிதழ். பெயர் மாறிற்று, போகச் சொல்லும் வழி மாறவில்லை!

போகும் வழியைச் செப்பனிடுவது நம் வேலையன்று. போகவிடாமல் காப்பதே நம் வேலை. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்கு வந்த மாணவியர்க்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5இல் தொடங்கிற்று. மாணவர்க்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்ட் 9இல் தொடங்கிற்று. சேரும் நாளில் கொடுத்துக் கைகழுவாமல், படிக்கும் காலமெல்லாம் மாதந்தோறும் கொடுப்பதே இவற்றின் சிறப்பு. எனினும் பணம் ஒன்றே போதுமா?

நியூயார்க் நகரைப் பாருங்கள். அந்நகரப் பல்கலைக்கழகம் தன் ஈராண்டுக் கல்லூரிகளில் 2007இல் ‘ஏசாப்’ என்றொரு திட்டம் தொடங்கிற்று. கட்டணக் குறையை ஈடு செய்தனர், பாடநூலுக்கு உதவினர், ரயிலுக்கும் பேருந்துக்கும் பயண அட்டை தந்தனர். 60 முதல் 80 மாணவர்க்கு ஓர் ஆலோசகரை அமர்த்தி, அடிக்கடி அழைத்துப் பேசச் செய்தனர். விளைவு என்ன? ஏழை மாணவரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி ஆராய்ந்தனர். மூன்றாண்டில் பட்டம் பெற்றோர், திட்டத்தில் இல்லாதாரில் நூற்றுக்கு 22. திட்டத்தில் இருந்தாரில் 40! மூளை மாறவில்லை, மாணவர் மாறவில்லை; உடன் நின்றோர் இருந்தனர், அவ்வளவே. மேலும், கல்லூரிகள் தம்மிடம் சேர்ந்தோரில் எத்தனை பேர் முடித்தனர் என்பதை வெளியிட வேண்டுமென அங்கே 1990இலேயே சட்டம் வந்துவிட்டது.

ஆகவே நான் கேட்பன மூன்று. ஒவ்வோர் அரசுக் கல்லூரியும், ஓர் ஆண்டில் சேர்ந்தவர் எத்தனை, மூன்றாண்டில் தேறியவர் எத்தனை என்று, ஆண், பெண், வகுப்புவாரியாக அறிவிப்புப் பலகையில் எழுதட்டும். இரண்டு தாள் போன பிள்ளைக்கு, மூன்றாவது தாள் போகுமுன் தமிழில் விளக்கும் தனிவகுப்பு நடக்கட்டும். நிலையான ஆசிரியர் பணியிடங்கள் நிரப்பப்படட்டும். ஆண்டுக்கு ஆண்டு தன் வேலைக்கே அஞ்சும் கௌரவ விரிவுரையாளர், மாணவனின் அச்சத்தை எவ்வாறு போக்குவார்?

இவை அரசிடம் கேட்பன. உங்களிடம் கேட்பது ஒன்று. வாக்காளர் பட்டியலை வீடு வீடாகச் சரிபார்க்கத் தெரிந்தவர்கள் நீங்கள். உங்கள் தெருவில் கல்லூரி சேர்ந்த பிள்ளைகளின் பட்டியலையும் எழுதுங்கள். ஒரு வாரம் போகாதவன் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். தேர்வுக் கட்டணம் குறைகிறதா, திரட்டுங்கள். திருமணப் பேச்சா, இறுதித் தேர்வு முடியட்டும் என்று பெற்றோரிடம் வாதாடுங்கள். சேர்க்கை நாளில் வாழ்த்துச் சுவரொட்டி ஒட்டுகிற கை, மூன்றாண்டு கழித்துப் பட்டமளிப்பு நாளில் அதே பெயர்களைச் சரிபார்க்கட்டும்.

கல்லூரி வாயிலைத் திறந்து வைத்தனர் நம் முன்னோர். நுழைந்தவர் அனைவரும் பட்டத்தோடு வெளிவரச் செய்வது நம் கடமை. அக்கடமையில் மீஞ்சூர் முந்தட்டும்!