துரை பெயர் தெரியும், குடியானவன் பெயர்?



வேடந்தாங்கல் ஏரியைப் பற்றி நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். நாலு வார்த்தையில் அடங்குகிற ஏரியா அது? ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி நிரம்பட்டும், கரைமேல் ஏறி நின்று பாருங்கள். தண்ணீருக்குள்ளே கடப்ப மரங்கள். மரத்திலே இலை தெரியாது, பறவைதான் தெரியும்! கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன், வக்கா, நீர்க்காகம்! மழை நன்றாகப் பெய்த வருஷத்தில் முப்பதாயிரம் என்பார்கள், நாற்பதாயிரம் என்பார்கள். எண்ணுகிறவர்கள் எண்ணட்டும், நாம் கண்குளிரப் பார்ப்போம்!

கூழைக்கடா இரையோடு வந்து கூட்டில் இறங்கும். அலகைத் திறக்கும். குஞ்சு தலையையும் கழுத்தையும் தாயின் பைக்குள்ளேயே நுழைத்து மீனை எடுக்கும். அது தின்று முடிக்கிற வரைக்கும் தாய் பொறுத்து நிற்கும். பெற்றவர்களே, இதைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டாமா?

கை தட்டுகிறீர்கள். எனக்குத் தட்டாதீர்கள். ஒரு குடியானவனுக்குத் தட்டுங்கள்!

வெள்ளைக்காரச் சிப்பாய்கள் துப்பாக்கியோடு வந்து இந்த ஏரிப் பறவைகளைச் சுட்டார்கள். கும்பினிக்காரன் ஆண்ட காலம். எதிர்த்துப் பேசினால் என்ன ஆகுமோ? ஆனாலும் நம் குடியானவன் போனான், கலெக்டரிடம் முறையிட்டான். 1798ல் கலெக்டர் லயனல் பிளேஸ், பறவைகளைக் காக்கும் உரிமையை ஊராருக்கே எழுதிக் கொடுத்தார். துரையின் பெயரை நாம் எல்லோரும் சொல்கிறோம். அவர் முன்னால் போய் நின்றவன் பெயரைச் சொல்ல ஒருவரும் இல்லையே! உத்தரவு போட்டவர் பெயர் வாழ்கிறது, போட வைத்தவன் பெயர் எங்கே?

அவன் ஏன் போனான்? பறவையின் எச்சம் தண்ணீரில் விழுகிறது. அந்தத் தண்ணீர் மதகு வழியாக வயலுக்குப் பாய்கிறது. தண்ணீரே எரு! நெல்லைக் காப்பது பறவை, பறவையைக் காப்பது ஊர். உலகம் 2022ல்தான் வேடந்தாங்கலை ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்த்தது. அதற்கு இருநூறு வருஷத்துக்கு முன்பே பட்டியல் போட்டவன் என் குடியானவன்!

இன்னொன்றையும் சொல்லாமல் இறங்க மாட்டேன். ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் சரணாலயம் என்று 1998ல் அறிவித்தார்கள். 2020ல் அதை மூன்றாகச் சுருக்க ஒரு யோசனை கிளம்பியது. அந்த யோசனைக்கு வரைபடம் போட்ட மேதாவிகளைக் கேட்கிறேன். ஏரியின் பரப்பு ஏறக்குறைய 30 ஹெக்டேர். அத்தனை ஆயிரம் பறவைக்கும் இரை இதற்குள்ளேயா கிடைக்கிறது? சுற்றுவட்டார ஏரியிலும் வயலிலும் மேய்ந்துதானே குஞ்சுக்குக் கொண்டுவருகிறது? வீட்டை வைத்துக்கொள், அடுப்பங்கரையைக் கொடு என்கிறீர்களா? மக்கள் கொதித்தார்கள், எதிர்த்தார்கள். நாளைக்கு எவர் வந்து கேட்டாலும் எதிர்ப்போம்! சிப்பாயின் துப்பாக்கிக்கே அஞ்சாத குடியானவனின் பேரப்பிள்ளைகள் வரைபடத்துக்கா அஞ்சுவோம்?

தோழர்களே, மார்கழி, தை மாதத்தில் குடும்பத்தோடு போங்கள். விடிகாலையிலோ மாலையிலோ போங்கள். பாட்டுப் பெட்டி வேண்டாம், பிளாஸ்டிக் பை வேண்டாம், கூச்சல் வேண்டாம். கல்லெடுக்கிற பிள்ளையின் கையைப் பிடித்து நிறுத்துங்கள். பறவைக்காகத் தீபாவளி வெடியையே விட்டுக்கொடுத்த ஊர் அது. அங்கே ஒரு மணி நேரம் வாய் மூடி நிற்பது நமக்குப் பெரிய காரியமா?

அரசுக்கு ஒரு கோரிக்கை. அந்த ஏரிக்கரையிலே ஒரு கல் நடுங்கள். பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை, 'வேடந்தாங்கல் குடியானவர்கள்' என்று வெட்டுங்கள். ஐந்து கிலோமீட்டரில் ஓர் அடி குறையவும் விடாதீர்கள்.